கடுகு தைத்த காகிதம்

பெங்களூரில் நான் முதன்முதலாகப் போய் இறங்கிய இடம் ஒரு வெற்றிலைக் கடை. அதில் பாதித் தப்பு என்னுடையது. இலங்கையில் ரொட்டிக்குப் பாண் என்று பெயர். ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்காக்காரரிடம், "தண்டுப் பக்கம் நல்ல பாண் கடைக்குப் போகவேணும்" என்றேன். கன்டோன்மென்ட்டை அங்குள்ள தமிழர்கள் தண்டு என்பார்கள் என்று கண்டியிலேயே கேட்டு வைத்திருந்தேன். என் சாமர்த்தியம் அந்த ஒரு வார்த்தையோடு தீர்ந்துவிட்டது.

ஜட்காக்காரர் தாடி வைத்த பெரியவர். குதிரையிடம் உருதுவிலும் என்னிடம் தமிழிலும் பேசியபடி ஊரைச் சுற்றிக்கொண்டு போய், பித்தளைக் கிண்ணங்கள் பளபளக்கும் ஒரு கடை முன்னால் நிறுத்தினார். கடைக்காரர் ஈர வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே என்ன வேண்டும் என்றார். ரொட்டியை எங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று உள்ளே எட்டிப் பார்த்தபடி, "அச்சுப் பாண் ஒரு ராத்தல்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். ஜட்காக்காரர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "பீடாவ ராத்தல் கணக்குல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம். கல்யாண வூடா, எழவு வூடான்னு கேக்கறாரு."

கையால் ரொட்டியின் வடிவத்தைக் காட்டி, கடித்து மென்று காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. "டபுள் ரொட்டியா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்" என்றார் ஜட்காக்காரர். கடைக்காரர் சும்மா விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தவன் வெறும் வாயோடு போகக் கூடாது என்று ஒரு பீடாவைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். அல்சூரில் ஆரோக்கியசாமி அவர்களின் ரொட்டிக் கடை வாசலில் நான் முதன்முதலாக நின்றது, சிவந்த வாயோடும் சட்டையில் ஒரு சொட்டுச் சாற்றோடும்தான்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் தூத்துக்குடியிலிருந்து கண்டிக்குப் போய்க் குடியேறியது. அங்கே எனக்கு ஒரு சின்ன ரொட்டிக் கடை. மலைமேல் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ரொட்டி அனுப்பிவந்தேன். மாட்டு வண்டியில் ஏறி, மழையில் நனைந்து, மேலே போய்ச் சேரும்போது ரொட்டியின் ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஒரு நாள் டாக்டர் என்னை வரச்சொல்லி, ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதை நோயாளிக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா, அல்லது இதற்கும் ஒரு கட்டில் போடட்டுமா?" என்று கேட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு கடையைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். கடையின் பாதி வியாபாரம் அந்த ஆஸ்பத்திரிதான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்குச் சாமியார் பெங்களூர் போய்த் திரும்பினார். அல்சூரில் ஒரு ரொட்டிக்காரர் ஏதோ சரக்கு வைத்த காகிதத்தில் ரொட்டியைச் சுற்றிக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்புகிறார், நாள்பட்டாலும் அது பூசணம் பிடிப்பதில்லை என்றார். எழுதிக் கேட்கலாம் என்று நினைத்தேன். "எழுதிக் கேட்டால் எந்தக் கடைக்காரன் சொல்லுவான், நேரே போங்கள்" என்றாள் என் மனைவி.

நேரே போனாலும் சொல்லமாட்டார்கள் என்றுதான் நான் பயந்தேன். ஆரோக்கியசாமி வாட்டசாட்டமான மனிதர், பேச்சு குறைவு. நான் கண்டியிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே திரும்பி, "ரோசா" என்று கூப்பிட்டார். அவர் மனைவி ரோசம்மாள் மாவுக் கையோடு வெளியே வந்தார். நான் சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டார்.

"கடல் தாண்டி வந்திருக்கீங்க தம்பி. மொதல்ல வாயக் கழுவுங்க, சாப்பிடலாம். காகிதம் எங்க ஓடிடப் போவுது?"

அவ்வளவுதான். மாவு மூட்டைகள் அடுக்கிய மாடி அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டார்கள். அன்று மத்தியானம் முதன்முதலாக ராகி முத்தே என்ற கேழ்வரகுக் களி உருண்டையைச் சாப்பிட்டேன், பிதுக்கம்பருப்புக் குழம்போடு. ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி எடுத்து வைக்கும் குழம்பு அது. மார்கழிக் குளிரில்தான் கிடைக்குமாம். நான் முத்தேயைப் பிட்டு போல மென்றுகொண்டிருந்தேன். ஆரோக்கியசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மெல்லக் கூடாது, முழுங்கணும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம்.

கண்டியிலும் குளிர் உண்டு. ஆனால் அது துணிக்குள் புகுந்து ஈரமாக உட்கார்ந்துகொள்ளும் குளிர். பெங்களூர்க் குளிர் உலர்ந்தது, காலையில் காதைக் கிள்ளிவிட்டுப் பத்து மணிக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் அதற்கே காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு காப்பிக்கு அலைந்தார்கள். டீ கேட்டால் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

மறுநாள் காகிதத்தைக் காட்டினார்கள். கடையின் பின்கட்டில் தையல் மிஷின் முன்னால் ரோசம்மாள் உட்கார்ந்திருந்தார். மெல்லிய காகிதம் ஒன்றை விரித்து, அதன்மேல் இடித்த கடுகுப் பொடியைச் சலித்துத் தூவி, மேலே இன்னொரு காகிதத்தை வைத்து, பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வை தைப்பது போலக் கட்டம் கட்டமாகத் தைத்துக்கொண்டிருந்தார். ரொட்டியின்மேல் முதலில் வெறும் காகிதம், அதற்கு வெளியே இந்தக் கடுகுக் காகிதம். வேறு எதுவும் இல்லை.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெரிய ரசாயன மருந்தை எதிர்பார்த்து வந்தவன் நான். "கடுகா?" என்றேன்.

"கடுகுதான்" என்றார் பக்கத்தில் நின்ற பிரான்சிஸ் மாஸ்டர். அவர் ரோசம்மாளின் தம்பி. ஹைஸ்கூலில் ரசாயனம் நடத்துபவர், சாயங்காலமானால் அக்காள் வீட்டுக்கு வந்துவிடுவார். "உலர்ந்த கடுகுப் பொடிய மோந்து பாருங்க, வாசனையே இருக்காது. தண்ணி பட்டாதான் அந்தக் காரம் கெளம்பும். ரொட்டியில இருந்து வர்ற ஈரம்தான் பூசணத்த வளக்குது. அதே ஈரம் காகிதத்துல போய்க் கடுகயும் எழுப்பிடும். அந்த ஆவி பூசணத்துக்கு ஆகாது."

"இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டேன். மாஸ்டர் அக்காளைப் பார்த்தார். ரோசம்மாள் மிஷினை நிறுத்தினார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஜோசப். யுத்தம் ஆரம்பித்த பிறகு பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துப் பக்கம் போயிருந்தான். போன வருஷம் அவனுக்கு ஒரு தகரப் பெட்டியில் பழக் கேக் செய்து அனுப்பியிருக்கிறார். ரொம்ப நன்றாக இருந்தது, எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம் என்று பிள்ளை எழுதினான். பிறகு கோயிலில் வேறொரு சிப்பாயின் தாயார் வாய்தவறிச் சொல்லிவிட்டார்: பெட்டியைத் திறந்தபோது கேக் முழுக்கப் பூசணமாம். ஜோசப் அதை மண்ணில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தானாம்.

"எனக்கு வருத்தமா இருக்கும்னு பொய் சொல்லியிருக்கான் தம்பி" என்றார் ரோசம்மாள். "அவன் சொன்ன பொய்தான் எனக்கு அதிகமா வலிச்சிது."

அதற்குப் பிறகு அக்காளும் தம்பியும் சேர்ந்து சோதித்துப் பார்க்காத சரக்கு இல்லை. கிராம்பு எண்ணெய் தடவிய காகிதத்தில் கேக் கெடவில்லை, ஆனால் பல் வலிக்கு வைத்த பஞ்சு மாதிரி ருசித்தது. பட்டை கொஞ்சம் பரவாயில்லை, விலை கட்டவில்லை. மஞ்சள் தடவியதில் கேக் மஞ்சள் நீராடிவிட்டு வந்தது. ஒரு நாள் சாப்பாட்டின்போது ஆரோக்கியசாமி ஊறுகாய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மட்டும் ஏன் கெடல?" என்றாராம். அங்கிருந்துதான் கடுகு வந்தது. ஆடி மாதத்தில் கடுகு வைத்த துணியைச் சுற்றி இன்னொரு கேக் அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்ததா, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இன்னும் ஒரு தகவலும் இல்லை. கோலாருக்கு ரொட்டி அனுப்பியதெல்லாம் அப்புறம் வந்த யோசனை.

கடையில் கடுகு தீர்ந்துபோயிருந்தது. கிறிஸ்மஸ் வேலை நெருக்கிக்கொண்டிருந்ததால் ஆனேக்கல் சந்தைக்கு நானும் பிரான்சிஸ் மாஸ்டரும் போனோம். அந்தப் பக்கத்தில் ராகிக்கு நடுவிலேயே கடுகையும் விதைக்கிறார்கள், புதுக் கடுகு சந்தைக்கு வரும் சமயம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்ஸின் பின்னால் ஒரு கரி உலை கட்டியிருந்தார்கள், அதன் வாயுவில்தான் வண்டி ஓடும். மேடு வரும்போதெல்லாம் கண்டக்டர் இறங்கி உலையைக் குத்திவிடுவார்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது, கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினோம். கன்னடத்தில் ஒருவர் 'ஒன்று, இரண்டு' சொல்ல, தெலுங்கில் ஒருவர் 'மூன்று' சொல்ல, நாங்கள் தமிழில் முக்கினோம். பஸ் எந்தப் பாஷைக்கும் அசையவில்லை. ஒரு கிழவர் கன்னடத்தில் அலுத்துக்கொண்டதை மாஸ்டர் எனக்குச் சொன்னார்: "மாட்டு வண்டின்னா மாட்டையாவது திட்டலாம், இதுல யாரைத் திட்டறது?" பக்கத்து சீட்டு அம்மாள் தன் மடியிலிருந்த வறுத்த அவரைக்கொட்டையை எல்லோருக்கும் கைகையாகக் கொடுத்தார். நான் ஊரைச் சொன்னதும், "ராவணன் ஊரா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கை கூடவே போட்டார். நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது, பஸ் கூரைமேல் இருந்த கடுகு மூட்டை ஒரு பக்கம் நனைந்து கனத்திருந்தது.

ஆரோக்கியசாமி மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வெயில் இல்லை. அன்றைய ரொட்டியை எடுத்த பிறகு பட்டியில் சூடு மிச்சமிருந்தது. ரொட்டி சுடும் அடுப்பை எங்கள் ஊரில் போறணை என்போம், அவர்கள் பட்டி என்கிறார்கள். கடுகைத் தட்டுகளில் பரப்பி உள்ளே வைத்துக் காயவைத்தார். நல்ல வேலை என்று நானும் நினைத்தேன். அதை இடித்து, சலித்து, ரோசம்மாள் எனக்கென்று தனியாகக் காகிதம் தைத்துக்கொடுத்தார். கண்டி மழைக்கு அது தாங்குமா என்று பார்க்க ரொட்டிகளைச் சுற்றி, நனைத்த கோணிக்கு அடியில் வைத்தோம்.

சில நாள் கழித்துப் பிரித்தால், எல்லா ரொட்டியிலும் பச்சை. தோட்டத்து டாக்டரின் உள்ளங்கை எனக்கு ஞாபகம் வந்தது. கடல் தாண்டி வந்தது வீண்தானோ என்று நான் நின்றுகொண்டிருக்க, மாஸ்டர் ஒரு காகிதத்தின் தையலைப் பிரித்துப் பொடியை நாக்கில் வைத்தார். என்னிடமும் கொஞ்சம் நீட்டினார். கசந்தது. எவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தும் மூக்கில் ஏறவில்லை.

"இந்தக் கடுகு சூடு பட்டிருக்கா மாமா?" என்று ஆரோக்கியசாமியிடம் கேட்டார். பட்டியில் வைத்ததை அவர் சொன்னார்.

"அப்ப சரி. தாளிச்ச கடுகுல ஏது நெடி? சூடு ஏறினா அதுக்கு அப்புறம் தண்ணி பட்டாலும் எழுந்திருக்காது. வெயில்லதான் காய வெக்கணும்."

எனக்கு மனம் லேசானது. காரணம் தெரிந்துவிட்டது, மறுபடி செய்துகொள்ளலாம். ஆனால் ரோசம்மாள் முகம் மாறிவிட்டது. கணவர் பக்கம் திரும்பினார்.

"ஜோசப்புக்கு அனுப்பினப்ப கடுகை எங்க காய வெச்சீங்க?"

ஆரோக்கியசாமி யோசித்தார். ஆடி மாதத்துத் தூறல். கடுகு எப்போதும்போலக் கொஞ்சம் ஈரமாகத்தான் வந்திருக்கும். "ஞாபகம் இல்ல ரோசா" என்றார்.

"வெயிலிலயா, பட்டியிலயா?"

"நெசமாவே ஞாபகம் இல்ல."

அதற்குமேல் ரோசம்மாள் கேட்கவில்லை. அவரிடம் எதையுமே கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் நான் ஒரு தபால்காரனாக ஆனேன். இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, "தம்பி, மைதா தீந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பார். நான் திரும்பி, "அண்ணாச்சி, மைதா தீர்ந்துவிட்டதாம்" என்பேன். "வாங்கிட்டு வரேன்னு சொல்லுங்க" என்பார் அவர். கிறிஸ்மஸ் கேக்குகள் வரிசையாக வெந்துகொண்டிருந்தன. வீடு முழுக்க ஜாதிக்காயும் திராட்சையுமாக மணந்தது. அந்த வாசனைக்கு நடுவில் ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார். ஒரு மத்தியானம் அவர் வெயிலில் விரித்த கடுகுக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவன் ரெண்டாவது தடவயும் குழி தோண்டியிருந்தா என்ன பண்றது, தம்பி?" என்றார்.

நான் கடுகைக் கொஞ்சம் துழாவிவிட்டேன்.

வெயிலில் காயவைத்த கடுகில் மறுபடி சோதித்ததில் ரொட்டி கெடவில்லை. என் காரியம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஊருக்குக் கிளம்பவேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டை அப்படி விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. அப்போதுதான் மாஸ்டர் ஒரு சேதி கொண்டுவந்தார். தொம்மலூர்க்காரன் கோவிந்தன், ஜோசப்போடு ஒரே பட்டாளக் கம்பெனியில் இருந்தவன், கையில் அடிபட்டு லீவில் வந்திருக்கிறான்.

ரோசம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். தொம்மலூர் அப்போது வயலுக்கு நடுவில் ஒரு கிராமம். மூவரும் நடந்தே போனோம். ரோசம்மாள் முன்னால், ஆரோக்கியசாமி வெகுதூரம் பின்னால், நடுவில் நான். வரப்பில் வந்த ஒருவர் ரோசம்மாளிடம், பின்னால் வருகிறவர் உங்களோடு வந்தவரா என்று விசாரித்தார். "ஆமா, அவர் மெதுவாத்தான் வருவார்" என்று மட்டும் சொன்னார்.

கோவிந்தன் வீட்டு முற்றத்தில் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் கையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தான். யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றான். ஜோசப் நல்லபடியாக இருப்பதை முதலில் சொன்னான். ரோசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"கேக் வந்துதா, கோவிந்தா? உண்மையச் சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"வந்துதும்மா. ஆனா அது வந்தப்ப ஜோசப் இல்ல. மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரில இருந்தான். அவன் வரட்டும்னு பெட்டிய அப்படியே வெச்சிருந்தோம். அப்புறம் கம்பெனி வேற எடம் மாறுதுன்னு சொன்னாங்க. சரி, திறந்துடலாம்னு திறந்தோம்."

ஆரோக்கியசாமி அதற்குள் வந்து வேலி ஓரமாக நின்றார்.

"திறந்தா மூக்குல சுர்ருன்னு ஏறுது. ஊறுகாய மாத்தி அனுப்பிட்டாங்களோன்னு நெனச்சோம். துணியப் பிரிச்சா உள்ள கேக்கு, நேத்து சுட்ட மாதிரி. எல்லாரும் தின்னோம். அந்தக் கடுகுத் துணிய ஒருத்தன் மூட்டு வலிக்கு மருந்துன்னு சொல்லி முழங்காலுல வெச்சிக் கட்டிக்கிட்டான். தோல் வெந்துபோச்சு, அவனும் ஆஸ்பத்திரிக்குப் போனான்."

நான் சிரித்துவிட்டேன். ரோசம்மாள் சிரிக்கவில்லை. "எல்லாத்தயும் தின்னுட்டீங்களா?" என்றார்.

"இல்லம்மா. ஜோசப்புக்குன்னு ஒரு துண்டு எடுத்துச் சுத்தி வெச்சோம். நான் கப்பல் ஏற வர்றதுக்கு மொத நாளுதான் அவன் வந்து சேந்தான். குடுத்தேன். என் எதுக்கதான் தின்னான்."

"என்ன சொன்னான்?"

கோவிந்தன் தயங்கினான். தன் தாயாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ரொம்பக் காஞ்சிபோயிருக்குன்னு சொன்னாம்மா. தொண்டையில அடைக்குதுன்னு தண்ணி கேட்டான்."

ரோசம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன்" என்றார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, இத்தனை நாளுக்குப் பிறகு கணவரிடம் நேராகப் பேசினார். "கேட்டீங்களா? வெண்ணெய் பத்தலையாம்."

"கேட்டேன்" என்றார் ஆரோக்கியசாமி. "இந்த யுத்தத்துல வெண்ணெய்க்கு எங்க போறது?"

"எங்கயாச்சும் போய்த்தான் வாங்கிட்டு வரணும். பிள்ளை தொண்டையில அடைக்குதுன்றான்."

கோவிந்தனின் தாயார் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். திரும்பும் வழியில் அவர்கள் இருவரும் முன்னால் சேர்ந்து நடந்தார்கள். பேட்டையில் யாரிடம் நல்ல வெண்ணெய் கிடைக்கும், ஆனேக்கல் பக்கத்தில் எருமை வைத்திருப்பவர் யார் என்று வழி முழுக்கப் பேச்சு. ஆரோக்கியசாமி ஒரே நாளில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, ஒரு ரொட்டிக்கு எவ்வளவு பொடி என்று. கடைசிவரை நடுவில் புகுந்து கேட்க இடமே கிடைக்கவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன்.